குள்ளன் விழுந்த இடம்

"புது டிவில இதெல்லாம் வராதுக்கா. மஞ்ச ஒயர் குத்துற ஓட்டையே இல்ல," என்றான் பத்ரிநாத், டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தபடி. தன் குரலில் இருந்த நிம்மதி அவனுக்கே கேட்டது.

"அதுக்குத்தான் இது," என்று அக்கா மகள் தீபிகா தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை நீட்டினாள். "பழைய ஒயர இதுல குத்தி, இத டிவில குத்தணும் மாமா. எஸ்.பி. ரோட்ல வாங்கினேன். கடைக்காரரு டெஸ்ட் பண்ணியே குடுத்தாரு."

கட்டிலில் சாய்ந்திருந்த சரளா சிரித்தாள். மூக்கையும் வாயையும் மாஸ்க் மூடியிருந்ததால் சிரிப்பு கண்ணில் மட்டும் தெரிந்தது. மாஸ்க்கிலிருந்து போன குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருந்த மெஷினில் முடிந்தது. மெஷின் காற்றைத் தள்ளும், அவள் நெஞ்சு ஏறும். மெஷின் விடும், நெஞ்சு இறங்கும்.

பத்ரியின் அக்கா அவள். காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். முதலில் வலது கை போயிற்று. பிறகு இடது கை, கால்கள். இப்போது மூச்சு. நரம்பு செத்துக்கொண்டே வரும் நோய், மருந்து கிடையாது. முந்தைய நாள் ஜீவனஹள்ளி வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே தூக்கம் ஜாஸ்தியாகும். எல்லாரும் பக்கத்துலயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு முழுக்க அவள் மயங்கி மயங்கித் தூங்கினாள். ஆனால் காலையில் கண் தெளிந்து, முதல் வார்த்தையாக, "பத்ரிய வரச்சொல்லு. குள்ளன் ஆடணும்," என்றாளாம்.

குள்ளன் என்பது அவர்கள் வைத்த பெயர். அந்த கேமின் உண்மையான பெயர் இருவருக்கும் தெரியாது. சரளாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்தில் அப்பா வாங்கி வந்த டிவி கேம் செட்டோடு வந்த மஞ்சள் கேசட் அது. லேபிள் கிழிந்திருந்தது. தலையில் விளக்கு கட்டிய ஒரு குள்ளன் சுரங்கத்துக்குள் ஓடுவான். அவன் வழியில் ஓரிடத்தில் கருங்குழி. மேலே மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். மூன்றாவது எரியும்போது பட்டனை அழுத்தினால் தாண்டுவான். முன்னே அழுத்தினாலும் விழுவான், பின்னே அழுத்தினாலும் விழுவான். விழுந்தால் முதலிலிருந்து. தெருப் பையன்களில் யாருக்கும் அந்தக் குழி வசப்படவில்லை. அங்கே வந்ததும், "சரளாக்கா, இந்த ஒரு எடம்," என்று கண்ட்ரோலரை அவளிடம் நீட்டுவார்கள். பாவாடையை இழுத்துவிட்டு உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டே தாண்டிக் காட்டுவாள். அவளிடமிருந்து அதைக் கற்றவன் பத்ரி ஒருவன்தான்.

பின்னால் அவன் தொம்மலூரில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தான். புது கேம் வெளிவருமுன் ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் ஒரே சண்டை.

"புது கேம்ல என்னடா இருக்கு? நாலு தரம் தோத்தா அதுவே எளகிடும். எதிரிய மெதுவா அனுப்பும். பாவம்னு ஜெயிக்க வுடும்," என்பாள் சரளா.

"அது தப்பாக்கா? வேலைக்குப் போய்ட்டு வந்து ஆடுறவன் சந்தோஷமா இருக்கட்டுமே. இப்ப இருக்குற படமும் சத்தமும் அந்தக் குள்ளன்ல இருக்கா?"

"குள்ளன் ஏமாத்த மாட்டான். குழி அங்கயேதான் இருக்கும். தாண்டினா நீ தாண்டினே. வுழுந்தா நீ வுழுந்தே."

முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே தோற்றுப்போவான். ஆனால் சில மாதங்களாக, அவளால் அதிகம் பேச முடியாமல் போன பிறகும், அவன் மட்டும் விடாமல் புது கேமுக்காக வாதாடினான். குள்ளன் ஆடலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னான். செட் எங்கே என்று தெரியவில்லை. கேசட் பூஞ்சை பிடித்திருக்கும். புது டிவியில் வராது.

தீபாவளிக்கு முன்னால் ஆபீசில் ஒரு கேமை ஆடும்போது குதிக்கும் பட்டன் தாமதமாக வேலை செய்தது. குறையாக எழுதிப் போட்டான். கேமைச் செய்தவர்கள் சோதித்துவிட்டு, எங்களுக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். போனை மாற்றிப் பார்த்தான். அதே தாமதம். பக்கத்து சீட்டுப் பெண் அவன் போனையே வாங்கி ஆடினாள். ஒரு தாமதமும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு சார்," என்று திருப்பிக் கொடுத்தாள். பத்ரி வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அன்றிலிருந்து காபிக் கோப்பையை இடது கையில் பிடித்தான்.

அப்பாவும் கடைசிக் காலத்தில் வீட்டுப் பூட்டைத் திறக்க முடியாமல் வாசலில் நிற்பார். நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார்கள். சரளாவுக்கு நோயின் பெயர் சொன்ன அன்று டாக்டர் அப்பாவைப் பற்றி விசாரித்தார். பிறகு பத்ரியைப் பார்த்து, "கையில பலம் கொறஞ்ச மாதிரி இருந்தா உடனே வந்துடுங்க," என்றார். அவன் போகவில்லை. போனால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

திரை நீலமாகி, கறுத்து, குள்ளன் வந்து நின்றான். அந்த டிக் டிக் இசை.

"மாஸ்க்க எடுக்கச் சொல்றாங்க," என்று சரளாவின் கண்ணசைவைப் பார்த்துவிட்டு குளோரியா வந்தாள். பகலில் சரளாவைப் பார்த்துக்கொள்ள வருபவள். தலைக்குப் பின்னால் கொக்கியை அழுத்தி மாஸ்க்கைக் கழற்றினாள். "கொஞ்ச நேரம்தான் சரளாக்கா. மூச்சு வாங்கினா ஒடனே போட்டுடணும்." சொல்லிவிட்டுத் துவைத்த துணிகளோடு பின்பக்கம் போனாள்.

"ஆடுறா," என்றாள் சரளா.

பத்ரி தரையில் உட்கார்ந்து கண்ட்ரோலரை எடுத்தான். நடப்பது, ஏணி ஏறுவது எல்லாம் வந்தது. குழி வந்தது. முதல் விளக்கு எரிந்தது.

"ஒண்ணு," என்றாள் சரளா பின்னாலிருந்து, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில். "ரெண்டு. இப்ப."

அழுத்தினான். அழுத்தினோம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. குள்ளன் அப்படியே ஓடிக் குழிக்குள் போனான்.

"ரொம்ப நாளாச்சுல்ல," என்றான்.

மறுபடியும். ஒண்ணு, ரெண்டு, இப்ப. விழுந்தான். மூன்றாம் முறை அவள் எண்ணவில்லை. தன் முதுகில் அவள் பார்வை படுவது தெரிந்தது. விளக்குகள் தாமாக எரிந்தன. குள்ளன் விழுந்தான்.

"பட்டன் போச்சுக்கா. பழசு. உள்ள ரப்பர் கெட்டிருக்கும்."

"தீபி, நீ ஆடு."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே தீபிகா கண்ட்ரோலரை வாங்கினாள். காலேஜ் முதல் வருஷம் படிப்பவள், இந்த கேமைத் தொட்டதே இல்லை. தட்டுத் தடுமாறிக் குழிவரை வந்தாள். சரளா எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. இப்ப. குள்ளன் துள்ளிக் குழியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றான்.

"தாண்டிட்டேன்மா," என்று திரும்பிய தீபிகா, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"மாமாவுக்குக் காபி போடு, போ," என்றாள் சரளா.

தீபிகா சமையலறைக்குப் போனாள். டிக் டிக் இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பத்துலேர்ந்து?"

"என்னதுக்கா?"

"கட்டவெரலு."

பத்ரி தரையைப் பார்த்தான். "தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்ல."

சரளா மூச்சுக்காகக் காத்திருந்தாள். "நானும் கீபோர்டு போச்சுன்னுதான் சொன்னேன். ரெண்டு கீபோர்டு மாத்துனாங்க கடைல." அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் போயிற்று. துடைக்க அவள் கை எழாது. பத்ரி எழுந்து துண்டால் துடைத்தான்.

"பயமா இருக்குடா."

"உனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, நாங்கல்லாம்..."

"எனக்கில்ல." அவள் கண் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது. "எங்கிட்டேர்ந்துதானே அவளுக்கு..."

முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றது. கழுத்து நரம்புகள் புடைத்தன. பத்ரி பாய்ந்து மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தில் வைத்தான். பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்தான். கொக்கியை வளையத்துக்குள் நுழைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். விரல் அதன் மேல் இருந்தது. அழுந்தவில்லை. காற்று பக்கவாட்டில் சீறிக்கொண்டு போயிற்று. இடது கைக்கு மாற்றினான், மாஸ்க் நழுவியது. அவள் கண்கள் அவன் முகத்துக்கு வெகு அருகில், விரிந்து, அவனையே பார்த்தன. அவன் பல்லால் பட்டையைக் கடித்து இழுத்தான்.

"குளோரியா," என்று கத்தினான்.

அவள் ஓடிவந்து ஒரு விரலால் கொக்கியை அழுத்தினாள். டக்கென்று மாட்டிக்கொண்டது. நெஞ்சு ஏறியது. இறங்கியது.

"இவ்ளோதான் அண்ணா. இதுக்குப் போய் பயந்துட்டீங்க," என்றாள் குளோரியா.

பத்ரி சுவரில் சாய்ந்தான். சமையலறை வாசலில் தீபிகா காபி டம்ளரோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு டிவியை அணைத்தாள்.

மத்தியானம் சரளாவின் கணவர் கிருஷ்ணப்பா வந்தார். பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, தினமும் கேட்பதுபோல், "ஊட்டா ஆய்த்தா சரளா?" என்றார். சாப்பிட்டாயா என்று கன்னடத்தில். வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் அவளுக்குக் கஞ்சி போகிறது. ஆனாலும் கேட்பார். அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஆயிற்று என்று அர்த்தம். பிறகு மூடியவள் திறக்கவில்லை.

எல்லோரும் பக்கத்திலேயே இருந்தார்கள். தீபிகா அம்மாவின் கால்மாட்டில் தலைவைத்துக் கண்ணயர்ந்துவிட்டாள். தெருவில் தள்ளுவண்டிக்காரன் சொப்பு, சொப்பு என்று கீரை கூவிக்கொண்டு போனான். பத்ரி நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறும்வரை அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஏறியதும் விட்டான். இப்படியே வெகுநேரம் போயிற்று. அவளுக்காகப் பயப்படுகிறோமா, அந்தக் கட்டிலில் படுக்கப்போகும் அடுத்த ஆளுக்காகப் பயப்படுகிறோமா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரிக்க முடியாதது வெட்கமாக இருந்தது.

குளோரியா சரளாவின் விரலில் மாட்டியிருந்த, நாடி காட்டும் கருவியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினாள். பிறகு வேறு விரலில் மாட்டினாள். கழுத்தில் இரண்டு விரல் வைத்து, கண்ணை மூடி நின்றாள். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள் கிருஷ்ணப்பாவிடம். "அக்கா போய்ட்டாங்க."

கிருஷ்ணப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா. மூச்சு வுடுறாளே. பாரு."

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

"அது மெஷின் விடுது அண்ணா."

சரளாவின் நெஞ்சு மறுபடி ஏறியது, இறங்கியது. எப்போது போனாள் என்று பத்ரி யோசித்தான். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். அவன் பிடித்துப் பிடித்து விட்ட மூச்சுகளில் எதுவரை அவளுடையது? ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"நிறுத்தட்டுங்களா?" என்று குளோரியா கேட்டாள்.

கிருஷ்ணப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "சொல்ப இரும்மா," என்றார். "கொஞ்சம் இரு."

இன்னும் கொஞ்ச நேரம் மெஷினை ஓடவிட்டார்கள். பிறகு அவரே தலையசைத்தார். குளோரியா ஸ்விட்சை அழுத்தினாள். பல மாதங்களாக அந்த வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அந்த அமைதியில்தான் தீபிகா விழித்துக்கொண்டாள்.

மறுநாள் கல்பள்ளி சுடுகாட்டில் எல்லாம் முடிந்து திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. குளிக்காமல் உள்ளே போகக்கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் துவைக்கும் கல்லருகே வாளிகள் வைத்திருந்தார்கள். கிருஷ்ணப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே போனார். பத்ரி தனியாக நின்றான்.

சட்டையின் மேல் பட்டனைப் பிடித்தான். பட்டன் ஓட்டை இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெம்பினான். நழுவியது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இடது கையால் முயன்றான். நேற்றிலிருந்து தூங்காததில் அதுவும் தடுமாறியது. ஒரே இழுப்பில் பிய்த்துவிடலாமா என்று நினைத்தான்.

கதவு திறந்தது. தீபிகா வெந்நீர்ச் சொம்போடு வந்து வாளியில் ஊற்றினாள். சொம்பைக் கல்மேல் வைத்துவிட்டு, அவன் எதிரே வந்து நின்றாள்.

"கைய எடுங்க மாமா."

எடுத்தான். அவள் மேலிருந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. கேட்டுவிடுவாளோ என்று அவன் பல்லைக் கடித்து நின்றான். கடைசிப் பட்டனும் கழன்றது.

"தண்ணி ஆறுது," என்றாள்.

சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவருகே போனதும் சொம்பை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை முகத்துக்கு நேராக உயர்த்தி, கட்டைவிரலை மெல்ல மடக்கினாள், விரித்தாள். மறுபடி மடக்கினாள்.