கொஞ்சம் தள்ளி

1

இந்தக் கதை ஒரு வேகத்தடையிலிருந்து வந்தது. ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் கதைகள் வழக்கமாக ரயில் நிலையத்திலோ, நின்றுபோன நிச்சயதார்த்தத்திலோ தொடங்கும். தார் ரோட்டில் தொடங்குவது இதுதான் முதல் தடவை.

என் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். பெயின்ட் வாசனையில் காதல் எழுத வராது என்பதால், பாதி முடித்த நாவலைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். வந்த மறுநாளே அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கக் கூட்டம். சங்கத்தின் செயலாளர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். கூட்டம் நடக்கும் இடம் அவர்கள் வீட்டுக் கார் நிற்கும் கொட்டகை. காரை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். காபி கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் நுழைந்தேன், தட்டோடு.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய இளம் பொறியாளரின் கண்கள், தையல் மிஷின் பின்னால் குனிந்திருந்த அவளை ஒரு கணம்—"

அடித்துவிட்டேன். மழை தூறவில்லை. இன்ஜினியருக்கு ஜீப் கிடையாது, ஸ்கூட்டரில் வந்தார். அவர் கண்கள் உடைந்த சாக்கடை மூடியைத் தேடிக்கொண்டிருந்தன. "அவளு"க்கு ஐம்பது தாண்டியிருக்கும். மகள் ஒருத்திக்குக் கல்யாணமும் முடித்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு தெரு என்பது என்ன? அது வெறும் வீடுகளின் வரிசைதானா, அல்லது—" இதைப் படித்துவிட்டு எனக்கே கொட்டாவி வந்தது.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். தெருவின் முனையில் பெரிய சாலை. அங்கே ஒரு சிக்னல். தெருவுக்குள்ளிருந்து பார்த்தாலே அது தெரியும். பச்சை தெரிந்துவிட்டால், வருகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் அதைப் பிடிக்கப் பறக்கும். முனை வீடு டெய்லரம்மாவுடையது. அதற்கு எதிர்ப்புறம், தெருவைக் கடந்தால், அவர் கணவரின் சைக்கிள் ரிப்பேர் கடை. முனை வீட்டை அடுத்தது என் அக்கா வீடு.

இவ்வளவுதான் இடம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல மாட்டேன். (சொன்னாலும் சொல்லுவேன், என் வாசகர்களுக்கு அது பழக்கம்தான்.)

3

கூட்டத்தில் தெருவிளக்கு வந்தது, குப்பை வந்தது, நாய் வந்தது (நிஜமாகவே வந்து நாற்காலிக்கு அடியில் படுத்தது). கடைசியில் டெய்லரம்மா எழுந்தார்.

"நம்ம முனையில ஒரு ஸ்பீட் பிரேக்கர் வேணும் சார். குழந்தைங்க ஓடியாடற தெரு."

"எந்தக் குழந்தைங்க?" என்றார் கணக்கு டீச்சர், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில். "நம்ம தெருவுல கடைசியாப் பிறந்தவன் காலேஜே முடிச்சுட்டான்."

"வயசானவங்களும் இருக்காங்கல்ல."

"அது வாஸ்தவம்," என்றார் அத்தான். மனுவில் தெருவிலேயே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

எல்லோருக்கும் சம்மதம். மாநகராட்சி இன்ஜினியர் வந்து முனையைப் பார்த்தார். "கரெக்டா முனையில போட முடியாதும்மா. மெயின் ரோட்டுலேர்ந்து திரும்பறவன் தலைகுப்புற விழுவான். ஒரு வீடு தள்ளிப் போடலாம்." அவருடைய உதவியாளர் சுண்ணாம்புப் பொடியால் ரோட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு என் அக்கா வீட்டு வாசலில் விழுந்தது. டெய்லரம்மா அந்தக் கோட்டைப் பார்த்த பார்வையை நான் என் நாவல்களில் கதாநாயகிகளுக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் அவர்கள் பார்ப்பது கோட்டை இல்லை.

4

அத்தானுக்கு ஒரு பழக்கம். சாயங்காலமானால் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விடுவார். விட்டு முடித்ததும், தூசி அடங்கட்டும் என்று வாசல் ரோட்டையும் ஒரு அலசு அலசுவார். அன்றைக்கும் அலசினார். கோடு போய்விட்டது.

மறுநாள் உதவியாளர் வந்து கேட்டார். "கோடு எங்க சார்?"

"இங்கதான் எங்கயோ…" அத்தான் ரோட்டைப் பார்த்தார். பிறகு, தன் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் தள்ளி," என்றார்.

புதுக் கோடு வக்கீல் வீட்டு வாசலில் விழுந்தது. வக்கீல் வேகத்தடையை முழுமனதாக ஆதரிப்பவர். ஆனால் அவருடைய கார் உயரம் குறைந்தது, அடி தட்டும். ஆகவே கொஞ்சம் தள்ளி. அடுத்தது கணக்கு டீச்சர். அவர் வீட்டுத் திண்டாட்டம் வேறு, வாசலுக்கு முன்னால் தண்ணீர் தேங்கும். கொஞ்சம் தள்ளி. சுண்ணாம்பைத் தண்ணீரில் அழிக்கலாம் என்பது ஒரு தடவை தெரிந்தபின் தெருவில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. யாரும் வேகத்தடை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அது இடுப்பு நகர்த்தி உட்காருகிற விருந்தாளி மாதிரி ஒவ்வொரு வாசலாகத் தள்ளிப் போய், தெருவின் மறுகோடியில் காலி மனைக்கு முன்னால் நின்றது. காலி மனைக்கு ஆட்சேபணை இல்லை.

[இந்த இடத்தில் ஒன்று. நானும் இதைத்தான் செய்கிறேன். ஒரு நாவலில் வரவேண்டிய கஷ்டத்தை மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தால் வாசகிகளுக்குத் தூக்கம் கெடும் என்று பதினெட்டுக்குத் தள்ளுவேன். பதினெட்டு வருவதற்குள்—]

அந்த அடைப்புக்குறியை முடிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

5

ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கலாமென்று டெய்லரம்மா வீட்டுக்குப் போனேன். (பொய். அவர் ஏன் இல்லாத குழந்தைகளுக்காக வாதாடினார் என்று தெரிந்துகொள்ளப் போனேன். ரவிக்கை நன்றாகத்தான் இருந்தது.)

நான் உட்கார்ந்திருக்கும்போது கணவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். உடனே டெய்லரம்மா மிஷினை நிறுத்தினார். பாதித் தையல் அப்படியே நின்றது. வாசலுக்குப் போய்த் தெருவை உள்பக்கமாக ஒரு பார்வை பார்த்து, அவருக்கு எதிரே நின்று தலையசைத்தார். சைக்கிள்காரர் சிரித்துக்கொண்டே கடந்தார்.

திரும்பி வந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"அவருக்குக் காது போயிடுச்சு. பின்னாடி ஹாரன் அடிச்சாத் தெரியாது. ரெண்டு தடவை நூலிழையில தப்பிச்சார். அதுகூட அவருக்குத் தெரியாது."

"டாக்டர்கிட்ட…"

"காது மந்தம்னு சொன்னா மனுஷன் கடையைப் பூட்டிட்டு மூலையில உட்கார்ந்துடுவார். அவங்க அப்பா அப்படித்தான் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. நான் வழியனுப்ப வர்றேன்னு நினைச்சுக்கறார் இவர். இத்தனை வருஷம் இல்லாத பாசம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சுன்னு கிண்டல் வேற."

ஊசியில் நூல் கோர்த்தார். அதற்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

"அடுத்த மாசம் பொண்ணுக்குப் பிரசவம். போயே ஆகணும். அப்ப யாரு வாசலுக்கு வருவா?"

"கூட்டத்துல இதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே போட்டிருப்பாங்களே."

"தெருவே கேக்க, என் புருஷன் செவிடுன்னா?" என்றார் டெய்லரம்மா. "நீங்க கதைதானே எழுதறீங்க, அந்த இடத்துல நீங்க என்ன சொல்லுவீங்க?"

ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

6

இந்தப் பக்கத்தை எழுதும்போது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரையா எழுதற?"

"செயலாளர்னுதான் போட்டிருக்கேன்."

"இந்தத் தெருவுல எத்தனை செயலாளர்டி இருக்காங்க?"

"முதல்ல கையெழுத்துப் போட்டவர்னும் எழுதியிருக்கேன்."

"அதோட இதையும் எழுது. ரிடையர் ஆனதுலேர்ந்து மனுஷனுக்குத் தூக்கமே கிடையாது. மாத்திரை போட்டுத்தான் கண்ணை மூடறார். ஜன்னலுக்குக் கீழ ஒவ்வொரு வண்டியும் ஏறி டடக்குனு இறங்கினா என்ன ஆவார்? அப்புறம், சைக்கிள்காரர் காய்ச்சல்ல கிடந்தப்ப யாரு கார்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்கன்னு கேட்டு எழுது."

கேட்டேன். அத்தான்தான். எழுதிவிட்டேன். இதனால் எனக்கு வில்லன் இல்லாமல் போய்விட்டது. இருபது வருஷமாக எழுதுகிறவளுக்கு இது ஒரு நடைமுறைச் சிக்கல்.

7

இன்ஜினியர் கடைசியாக ஒருமுறை வந்தார். நாளைக் காலையில் தார் வண்டி வருகிறது, இடத்தை உறுதி செய்ய வேண்டும். எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் கூடினார்கள். வேலை நாளின் பிற்பகல், வெயில் சாய்ந்திருந்தது.

"காலி மனைக்கிட்ட போட்டா யாருக்குப் பிரயோஜனம்?" என்றார் இன்ஜினியர். "அதைத் தாண்டி முனைக்கு வர்றதுக்குள்ள திரும்ப முறுக்கிடுவான். இந்தப் பக்கம் யாருக்காவது அவசியமாத் தேவைன்னா இப்பவே சொல்லுங்க."

டெய்லரம்மா வாயைத் திறந்தார். மூடினார். முந்தானை நுனியைச் சுருட்டினார்.

கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சைக்கிள்காரர் தெருவைக் கடந்து வந்தார். (டெய்லரம்மா அப்போதும் தெருவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.) "என்ன சொல்றாங்க?" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

அவர் முகத்துக்கு நேரே நின்று டெய்லரம்மா நிதானமாகச் சொன்னார். "நான் கேட்ட இடத்துல போட மாட்டாங்களாம்."

"ஏன்?"

"இங்க யாருக்கும் தேவையில்லையாம்."

சைக்கிள்காரர் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்குள் போனார். துணியில் கோடு போட டெய்லரம்மா வைத்திருக்கும் தட்டையான சாக்கட்டி ஒன்றோடு திரும்பினார். அக்கா வீட்டு வாசலுக்கு எதிரே, ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, குறுக்கே கோடு இழுக்க ஆரம்பித்தார். மனைவி ஒன்று கேட்டிருக்கிறாள், அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் முதுகு தெருவின் உள்பக்கம் பார்த்திருந்தது.

சிக்னல் பச்சையானது.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு விடாமல் அடித்தது. வக்கீல் "யோவ்" என்றார். நாய் எழுந்து ஓடியது. சைக்கிள்காரர் கோட்டைக் கோணாமல் இழுப்பதில் கவனமாக இருந்தார். வண்டி டயர் தேய நின்றபோது அதற்கும் அவருக்கும் நடுவில் டெய்லரம்மா இருந்தார். அவர் எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை. கத்திப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதனால் முதலில் போய்விட்டிருந்தார்.

ஹாரன் ஓய்ந்தது. தெரு முழுக்கப் பார்த்துவிட்டது. கணக்கு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரோட்டின் பாதியில் சாக்கட்டி தேய்ந்து தீர்ந்தது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டினார். டெய்லரம்மா இடுப்பில் செருகியிருந்த இன்னொரு கட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வாங்கியவர் மீதிப் பாதியையும் போட்டார்.

மழை தூறவில்லை. என் நாவல்களில் நான் எழுதிய எல்லாக் காதல் காட்சிகளிலும் மழை தூறும்.

போட்டு முடித்து எழுந்து திரும்பியவர், மனைவியையும் வண்டியையும் கூட்டத்தையும் பார்த்தார். "ஏன் எல்லாரும் நிக்கறீங்க? நீங்க போங்க தம்பி, கோடுதான் போட்டிருக்கேன்."

"சிக்னல் போச்சு," என்றான் வண்டிக்காரன், பொதுவாக.

இன்ஜினியர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "காலையில தார் வரும். கோடு எங்க இருக்கோ அங்க போட்டுட்டுப் போயிடுவோம். மறுபடி என்னைக் கூப்பிடாதீங்க சார்." கடைசி வாக்கியம் அத்தானுக்கு.

8

முடிவு.

(அ) வேகத்தடை வருகிறது. சைக்கிள்காரர் காதுக்கு மிஷின் மாட்டிக்கொள்கிறார். முதன்முதலாக அவர் காதில் விழுவது தையல் மிஷினின் சத்தம். மகளுக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று. இதை எழுதி, அழுது, கிழித்துவிட்டேன். பதிப்பாளர் கேட்டால் கொடுக்க ஒரு பிரதி இருக்கிறது.

(ஆ) டெய்லரம்மா பிரசவத்துக்குப் போயிருக்கும் ஒரு நாள், சிக்னல் பச்சையாகிறது, சைக்கிள்காரர் சிரித்துக்கொண்டே—

இல்லை. இதை எழுத மாட்டேன்.

(இ) நடந்துகொண்டிருப்பது. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோடு போட்ட அதே நாள் சாயங்காலம். கீழே அத்தான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்துவிட்டார். குழாயைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்திருக்கிறார். அக்கா உள்ளேயிருந்து, "ஏங்க, தூசி பறக்குது பாருங்க," என்கிறாள், தினமும் சொல்கிற மாதிரியேதான். அத்தான் கோட்டைப் பார்க்கிறார். படுக்கையறை ஜன்னலைப் பார்க்கிறார். முனை வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது. எதிர்க் கடையில் சைக்கிள்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது கோணாமல் சுழல்கிறதா என்று பார்க்கிறார். தண்ணீர் அத்தானின் செருப்புக்கு அருகே கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ரோடு முனையைப் பார்த்துச் சரிவு, தானாகவே கோட்டுப் பக்கம் ஓடும்.

என்னை இறங்கி வந்து ஏதாவது சொல்லச் சொல்லாதீர்கள். நான் சொன்னால் (அ) ஆகிவிடும். எழுந்து ஜன்னல் கதவைச் சாத்துகிறேன். குழாய் உங்கள் கையில் இருக்கிறது.