மறையாத ஒன்று

நாற்பத்தொரு மணி நேரமாக அந்தக் காணொளியின் பக்கத்தில் 1 என்ற எண் மறையாமல் இருந்தது.

எங்கள் கைபேசி அரட்டைக் குழுவில் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை மாலை மேல் வகுப்புக் காயூன் அக்கா அதைப் போட்டதும், இன்னும் பார்க்காதவர்கள் 11 என்று காட்டியது. ஒவ்வொருத்தியும் திறக்கத் திறக்க எண் குறைந்தது. எட்டு, ஐந்து, இரண்டு. கடைசியில் ஒன்றில் நின்றது. அந்த ஒன்று நான்.

தாஹே அந்தக் குழுவில் இல்லை. மூன்று முறை வெளியேறினாள். மூன்று முறையும் காயூன் அக்கா இழுத்துச் சேர்த்தாள். நான்காம் முறை வெளியேறியபோது, அக்கா அவளை டியூஷன் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள்.

காணொளி ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

"போறியா? போடீ. கதவு அங்கதான் இருக்கு."

காயூன் அக்கா ரப்பர் செருப்பைக் கழற்றி தாஹேயின் வாயில் அடிக்கிறாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"வாயால வேணாம். எழுதி எனக்கு அனுப்பு, குழுவுல நான் போடறேன். கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை."

தாஹே கைபேசியை எடுக்கிறாள். தவறான எழுத்து விழுகிறது. கைபேசியைத் தட்டிவிட்டு, அதை எடுக்கத் தரையில் ஊன்றிய அவளது இரண்டு கைகளையும் அக்கா மிதிக்கிறாள். பிறகு தலைமுடியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் மோதுகிறாள். இரண்டு முறை. இரண்டாவது முறை தாடை உடையும் சத்தம் கேட்கிறது. சிமெண்டுத் தரையில் ரத்தத்தோடு ஏதோ விழுகிறது.

"பாருங்கடி, பல்லும் குழுவ விட்டுப் போயிடுச்சு!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். படம் ஒரு தடவைகூட ஆடவில்லை.

கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் பிடித்ததாகக் காயூன் அக்கா, மறுநாள் விசாரித்த பள்ளி ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியை எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பார்த்தார். என்னுடையதில் மட்டும் அது திறக்கப்படவே இல்லை. "நீயாவது மனுஷியா இருந்தியே," என்றார்.

ஞாயிறு காலை பத்து மணி. மருத்துவமனையில் தாஹேயின் அம்மா எனக்கு ஒரு பழச்சாறு டப்பாவைத் திறந்து கொடுத்தார். தாஹே விழித்திருந்தாள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. அவளால் பேச முடியாது, எழுதவும் முடியாது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூஜு, புதன்கிழமை பள்ளிக்கூட விசாரணை. இவளுக்காக நீ வந்து பேசுவியா கண்ணு? மத்தது எல்லாம் ரசிச்சுப் பாத்திருக்குதுங்க. நீ ஒருத்திதான் பாக்கல."

சரி என்றால் போதும். காயூன் அக்கா என் பெயரைச் சொல்ல மாட்டாள். புதன்கிழமை நான் நல்லவளாக அங்கே நிற்கலாம். தாஹே கண் இமைக்கவில்லை.

டப்பாவைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"எனக்குப் பாக்க வேண்டிய தேவையே இல்லம்மா."

"என்ன கண்ணு சொல்ற?"

"அக்கா தன்னோட ஃபோனை எங்கிட்டதான் குடுத்தாங்க. நான்தான் எடுத்தேன். கை ஆடாம எடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் என் தலையத் தடவுனாங்க. எனக்கு... சந்தோஷமா இருந்துச்சும்மா."