பின்னால் வந்த லாரி

கவரைப்பேட்டைக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, அந்தக் கன்டெய்னர் லாரி தன்னைத்தான் துரத்துகிறது என்பது மெர்சிக்கு உறுதியாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்ததும், அக்கா வீட்டில் விட்டிருந்த மகள் ஷெரினைக் கூட்டிக்கொண்டு காரில் பொன்னேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மணி நாலுகூட ஆகவில்லை. மழை வானத்தை இருட்டாக்கியிருந்தது. ஆறு வயதுக் குழந்தை பின் சீட்டில் தூங்கிப்போயிருந்தது.

நெடுஞ்சாலை ஏறிய கொஞ்ச தூரத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தது. மெர்சி பிரேக்கை அழுத்தி நின்றாள். பின்னால் டயர்கள் நீளமாகக் கிறீச்சிட்டன. கண்ணாடியில் பார்த்தாள். லாரியின் முகப்பு பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் ஷெரினின் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லாதது போலிருந்தது.

சட்டென்று காரைக் கிளப்பினாள். லாரியும் கிளம்பியது. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது, விடாமல் ஹாரன் அடித்தது. இடதுபக்கம் ஒதுங்கி வழி விட்டுப் பார்த்தாள். அது தாண்டிப் போகாமல் பக்கத்திலேயே வந்தது. தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர் அவள் பக்க ஜன்னலை நோக்கிச் சாய்ந்து கையை ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று சைகை காட்டி ஏதோ கத்தினார். மழையில் ஒன்றும் கேட்கவில்லை. தனியாகப் போகும் பெண்களைப் பற்றிக் கேன்டீனில் பேசிக்கொள்ளும் கதைகளெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஃபோன் பையில் இருந்தது, பை பின் சீட்டில். கணவன் அந்தோணி காட்டுப்பள்ளியில் வேலையில் இருந்தான். கூப்பிட்டாலும் அவனால் என்ன செய்ய முடியும்?

ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்ததும் உள்ளே திருப்பினாள். நாலு பேர் இருந்தார்கள், அது போதும். ஆனால் லாரியும் பின்னாலேயே வந்து நின்றது. மெர்சி கதவுகளைப் பூட்டிக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். உள்ளே அவள் இருந்த நிலையைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவள் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள்.

"எவ்ளோ தூரமா கத்திக்கினு வரேன்மா. உன் வண்டில பிரேக் லைட்டே எரியல. அங்க எருமை வந்துச்சே, நீ நின்னதே எனக்குத் தெரியல. லோடு வண்டி. இன்னும் ஒரு அடி..."

அவர் முடிக்கவில்லை. பின் சீட்டில் தூங்கும் குழந்தையை அப்போதுதான் பார்த்தார்.

பெயர் அப்பாவு, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லோடு கொண்டுபோகிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் மீதிருந்த பயம் போய்விட்டது. ஆனால் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. இனி இந்தச் சாலையில் எப்படிப் போவது? ஒவ்வொரு முறை பிரேக்கை அழுத்தும்போதும், பின்னால் வருகிறவனுக்கு அது தெரியாது.

அவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லிவிட்டு பிரேக்கை மிதித்தாள். மூன்று விளக்கும் எரியவில்லை என்றார். மூன்று பல்பும் ஒரே நாளில் போகாது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் சுவிட்ச். மழையில் நனைந்தபடி கதவருகே மண்டியிட்டு, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்தாள். பெடலுக்கு மேலே இருக்கும் சின்னப் பொத்தான் அது. பெடலை மிதித்தால் விடுபட்டு விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும். அதன் ஒயர் முனையைக் கழற்றி, துப்பட்டாவில் குத்தியிருந்த பின்னை எடுத்து அந்த முனையின் இரண்டு துளைகளையும் இணைத்தாள்.

"எரியுது, எரியுது" என்றார் அப்பாவு.

சுவிட்ச்தான் போயிருந்தது. பின்னை அப்படியே விட்டு டேப் சுற்றிவிடலாமா என்று கேட்டாள். அவர் டேப்பைக் கொடுத்தார், ஆனால் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் அவள் நிற்பது எவனுக்கும் தெரியாது என்றார். கவரைப்பேட்டையில் மெக்கானிக் இருக்கிறார், அதுவரை தான் பின்னால் வருவதாகவும் சொன்னார். "நான் இருக்கசொல்ல வேற எவனும் உன் பின்னாடி வர முடியாது. நீ முப்பதுலயே போ."

மெர்சி பின்னை உருவிவிட்டு ஒயரைப் பழையபடி மாட்டினாள். அப்படியே போனார்கள். லாரி நான்கு பக்கமும் விளக்கை மினுக்கிக்கொண்டு தள்ளியே வந்தது. மற்ற வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு கோபமாகப் பறந்தன. அந்த நாலு கிலோமீட்டரும் மெர்சி சாலையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தபடியே ஓட்டினாள். மெக்கானிக் கடை வந்ததும் அப்பாவு ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

மெக்கானிக் வசந்தகுமார் கால் மணி நேரத்தில் புது சுவிட்ச் போட்டுவிட்டார். பழையதைப் பிரித்து உள்ளே கருகிக் கிடந்த செம்புத் தகட்டைக் காட்டினார்.

"இது இன்னிக்கு நேத்து போனதில்லக்கா. ஒரு மாசமாவே எரிஞ்சும் எரியாமயும் ஓடிக்கினு இருந்திருக்கும்."

மெர்சி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாகவே பின்னால் வருகிறவர்கள் அவளைப் பார்த்து ஹாரன் அடித்திருக்கிறார்கள், கையை நீட்டித் திட்டியிருக்கிறார்கள். பொம்பளை வண்டி ஓட்டினால் இவனுங்களுக்குப் பொறுக்காது என்று நினைத்து, அவள் ஒருவரையும் திரும்பிப் பார்த்ததில்லை. தினமும் காலையில் ஷெரின் அதே பின் சீட்டில்தான் பள்ளிக்கூடம் போனாள். எத்தனை முறை, எந்த வளைவில், எவ்வளவு இடைவெளியில்? யோசிக்கக் கூடாது என்று நினைத்தாலும் முடியவில்லை. வசந்தகுமார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கிளம்பும்போது குழந்தையை எழுப்பி முன் சீட்டுக்கு மாற்றலாமா என்று நினைத்தாள். அதுவும் பாதுகாப்பில்லை என்று தோன்றியது, விட்டுவிட்டாள்.

தச்சூர் கூட்டுரோட்டில் சிக்னல் விழுந்தது. பிரேக்கை மெதுவாக மிதித்தாள். பின்னால் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. மழையில் நனைந்த அதன் முகப்பில், அவளுடைய காரின் சிவப்பு வெளிச்சம் படர்ந்து தெரிந்தது. மெர்சி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிக்னல் பச்சைக்கு மாறிய பிறகும் பெடலிலிருந்து காலைத் தூக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.