தூங்குமூஞ்சிக்கு ஒரு பரீட்சை

பள்ளி உளவியலாளர் உரிமம் லேசில் கைக்கு வருகிற சங்கதி இல்லை. முதுகலை படிக்க வேண்டும், தேர்வில் தேற வேண்டும், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி என்ற பெயரில் நாயாய் உழைக்க வேண்டும். அவள் எல்லாம் முடித்துவிட்டாள். மிச்சம் ஒன்றுதான்: மேற்பார்வையாளர் கண்ணெதிரே, ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் சோதனையை இடையில் நிறுத்தாமல் நடத்திக் காட்ட வேண்டும். இன்று விட்டால் அடுத்த வருஷம்தான்.

அதில் ஒரு விநோத விதி உண்டு. குழந்தை சரியாகச் செய்தாலும் தப்பாகச் செய்தாலும் சோதிப்பவர் முகம் மாறக் கூடாது. "நல்லா முயற்சி பண்றே" என்பதற்கு மேல் பேசக் கூடாது. பழகிப் பழகி அது அவள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. புருஷன் ஆசையாகச் சமைத்துப் போட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டபோதும், "நல்லா முயற்சி பண்ணியிருக்கீங்க" என்றாள். மனுஷன் கொஞ்ச நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

சோதனைக்கு வந்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. டீச்சர் வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

"மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது. மார்க் கம்மியா வந்தா தனி வகுப்புக்கு அனுப்பிடலாம்" என்று டீச்சர் அவளை உள்ளே விட்டுப் போனார். பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது!

மதிய வெயில் திரைச்சீலை வழியே தரையில் மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. மின்விசிறி முனகியது. மேற்பார்வையாளர் மூலையில் உட்கார்ந்திருந்தார். சிறுமி படத்தைப் பார்த்துச் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கினாள். முதலிரண்டும் சரி. மூன்றாவதில் அவள் கை தண்ணீருக்குள் அசைவதுபோல் மெதுவாகியது. அப்படியே மேசையில் கன்னம் வைத்துத் தூங்கிப்போனாள்.

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

எழுப்பி, அரைத் தூக்கத்தில் முடிக்க வைக்கலாம். இவளுக்கு உரிமம் வரும், அவளுக்கு மந்தம் என்ற பட்டம் வரும். இவளுக்கு எத்தனை வருஷக் கனவு!

இவள் ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள்.

அதன்பின் அறையே கண்ணயர்ந்துவிட்டது. மைதானத்துச் சத்தம் எங்கோ தூரத்தில் கரைந்தது. சிறுமியின் கை மட்டும் தூங்கவில்லை. எதையோ இழுத்து விட்டது, மறுபடி இழுத்து விட்டது. அதைப் பார்த்துப் பார்த்து இவளுக்கும் நாற்காலியோடு ஆடுவதுபோல் சொக்கியது.

சிறுமி திடுக்கிட்டு விழித்தாள். "பாப்பா அழுதுச்சா?"

"எந்தப் பாப்பாடா கண்ணு?"

"தம்பிப் பாப்பா. அம்மா ராத்திரி வேலைக்குப் போயிடுவாங்க. நான்தான் தொட்டில் ஆட்டுவேன். நிறுத்தினா கத்துவான்."

சொல்லிவிட்டு, மிச்சக் கட்டைகளை மளமளவென்று அடுக்கினாள். "சரியா மிஸ்?"

சோதனைதான் பாழாகிவிட்டதே, இனி என்ன விதி? "சரிடி தங்கம்! அத்தனையும் சரி!" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

மேற்பார்வையாளர் எழுந்தார். "இவளைத் தனி வகுப்புக்கு அனுப்ப வேணாம்னு சொல்லிடறேன். அம்மாகிட்டயும் பேசணும். ஆனா உன் சோதனை செல்லாதும்மா. அடுத்த வருஷம் வா."

வீட்டுக்கு வந்தபோது புருஷன் கையில் கரண்டியோடு கதவைத் திறந்தான். "கிடைச்சுதா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அவன் முகத்தைத் துளியும் மாற்றாமல் கேட்டான்.

"நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றான்.

கைப்பையை அவன்மேல் விட்டெறிந்து, அவள் சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.