இடுக்கியார் வீட்டுத் தூரம்

இடுக்கியாரின் மனைவி பத்தொன்பது வருடம் தும்மலை அடக்கியதில் அந்த வீடு உள்ளுக்குள் நீண்டுபோனது. வெளியே நின்று பார்த்தால் அதே இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும்தான். வீட்டு வரிக்காரர் நாடா பிடித்து இரண்டு முறை அளந்துவிட்டு, ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை என்று கையெழுத்துப் போட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் இடுக்கியாரின் வேலை மேசை. செல்போன், காதுக் கருவி என்று எது வந்தாலும் இடுக்கியால் தொட்டே பழுது பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் புழங்கும் கெப்பாசிட்டர் என்கிற மின்துணுக்கு அரிசிக் குருணையில் பாதி இருக்கும். மேலே எழுத்தும் கிடையாது, எண்ணும் கிடையாது. எந்த இழுப்பறையில் கிடக்கிறதோ அதுதான் அதன் பெயரும் விலாசமும். கலந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகளில் நாற்பதாயிரம் உருப்படி. கல்யாணமான மூன்றாம் நாள் அவள் ஒரு தும்மல் போட, தட்டில் பிரித்து வைத்திருந்த இருநூறும் பறந்துபோயின. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, தரையில் மண்டியிட்டு அழுதார். அதைப் பார்த்தவள் அன்றோடு தும்முவதை விட்டாள்.

அடக்கிய தும்மல் எங்கே போகும்? வீட்டுக்குள்ளேயே தங்கியது. தும்மலுக்கு ஒரு முழம் வீதம் சமையற்கட்டு மேசையை விட்டு விலகியது. ஐந்தாம் வருடம் தேநீர் ஆறிப்போய் வந்தது. பத்தாம் வருடம் அவள் செருப்புப் போட்டுக்கொண்டு எடுத்துவந்தாள். பதினைந்தாம் வருடம் வழியில் இளைப்பாற இரண்டு இடத்தில் நாற்காலி போட்டாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை விட்டு நிமிராத இடுக்கியார், தேநீர் என்றாலே ஆறியதுதான் என்று நினைத்துக் குடித்தார்.

பத்தொன்பதாம் வருடம் ஒரு சாயங்காலம், கையில் துணிப்பையோடு வந்து நின்றாள்.

"காலைல கிளம்பினவ இப்பதான் வந்து சேர்றேன். முட்டி தாங்கலைங்க. இனிமே நான் அந்தப் பக்கமே இருந்துக்கறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்தப் பக்கம்? சமையக்கட்டு இந்தா இருக்கு."

"திரும்பித்தான் பாருங்களேன்."

திரும்பிப் பார்த்தார். சமையற்கட்டு விளக்கு அடுத்த ஊர் விளக்கு மாதிரி எங்கோ மினுங்கியது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பாதி வழியில இருந்து தினமும் கத்தினேன். ஊர்க் காதையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, உங்களுக்குக் கேட்டாத்தானே."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். இப்போது போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவருக்கு விளங்கியது. இடுக்கியைக் கீழே வைத்தார்.

"தும்மும்மா."

"விளையாடாதீங்க. இழுப்பறைய மூடி வெச்சிருந்தாலும் ஒண்ணும் நிக்காது. பத்தொன்பது வருஷத்துது."

"தெரியும்."

"நாப்பதாயிரம் இருக்குங்க."

"எண்ணினவனுக்குத் தெரியாதா? தும்மு."

தும்மினாள். மூன்று பகல் இரண்டு இரவு தும்மினாள். தெருவில் யாரும் துணி காயப்போடவில்லை. இழுப்பறைகள் குருவிக் கூட்டம்போல் எழும்பிப் பறந்தன. தும்மலுக்கு ஒரு முழமாகத் தரை சுருங்கி, மூன்றாம் நாள் சமையற்கட்டு மேசையோரம் வந்து இடித்து நின்றது. நாற்பதாயிரமும் நடுவீட்டில் ஒரே குவியலாக இறங்கின.

இப்போது இருவரும் அந்தக் குவியலின் முன் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து அளவைச் சொல்கிறார், அவள் சீட்டு எழுதி இழுப்பறையில் போடுகிறாள். ஐயாயிரத்தைத் தாண்டும்போது அவளுக்குத் தும்மல் வந்துவிடும். இதுவரை ஏழு முறை வந்திருக்கிறது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்.