சித்திரை மாதத்து நான்கு எண்கள்

வெள்ளம் வடியாத அந்த வாரத்துக் கடல்நீரும் போன வாரத்து எண்ணையே காட்டியபோது லூர்துமேரி இன்னொரு தரம் அளந்து பார்த்தாள்.

திண்டிவனத்தில் அரிசி ஆலைக்குப் பின்னால் இரண்டு அறைகள், அதுதான் ஆய்வுக்கூடம். ரயிலும் ஆலையும் அடுப்பும் கக்கும் கரியமில வாயுவில் கடல் எவ்வளவை வாங்கி வைத்துக்கொள்கிறது, வருஷத்துக்கு வருஷம் அது ஏறுகிறதா என்று அறியச் சென்னையிலிருந்து ஏற்படுத்தியது. வாரம் ஒரு நாள் அதிகாரி சீனுவாசன் மரக்காணம் போய்ப் புட்டியில் கடல்நீர் மொண்டு வரவேண்டும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு அளவைக் கெடுக்காதபடி ஒரு சொட்டுப் பாதரச நஞ்சு விட்டு, மெழுகால் அடைத்துவிடுவார். லூர்துமேரி அதில் அமிலம் ஊற்றி, கிளம்பும் வாயுவை இன்னொரு கரைசலில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக அளப்பாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு மாதமும் நான்கு வாரத்து எண்களும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போயின.

"உன் கை தராசு, மேரி" என்பார் சீனுவாசன். விழுப்புரத்திலிருந்து கரித்தூள் பறக்கும் பாசஞ்சரில் வரும்போது, மடியில் கிடக்கும் அந்தக் கையை அவளே ரகசியமாகப் பார்த்துக்கொள்வதுண்டு.

இன்று காலை அதே ஜன்னல் வழியே வயலெல்லாம் ஏரியாகக் கிடந்தது. பத்து நாள் அடைமழை. இத்தனை வெள்ளம் கலந்த கரைக்கடல் எப்படி மாறாமல் இருக்கும்?

புட்டிப் பெட்டி சுமக்கும் ஊழியர் மாசிலாமணி வாசலில் மல்லாட்டை உரித்து, வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புதன்கிழமை மரக்காணம் போனீங்களா? ரோடு இருந்துச்சா?"

"எங்க போறது மேரிம்மா? அமாவாசைக்குத்தான போவோம்." அவர் சிரித்தார். "மத்த நாள்ல கடலைத் தொட்டா ஆவாதாம், அவுங்க வூட்டு வழக்கம். அமாவாசைக்கு முங்கி எழுந்து, தர்ப்பணம் பண்ணிக்கினு, அந்த ஈரத்தோட நாலு பாட்டிலையும் ரொப்பிடுவாரு. அப்பறம் வாரம் ஒண்ணா தேதி எழுதி உங்க மேசைக்கு வரும்."

"நீங்க மொண்டாந்திருக்கலாமே?"

"நான் ரொப்புன பாட்டிலை அவரு தொடணுமே! நல்லா கேட்டீங்க போங்க."

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரே எச்சில் இலையில் மூன்று வருஷம் சாப்பிட்டுவிட்டு ருசி, ருசி என்று பூரித்தவளைப் போல நாக்கு கசந்தது. தராசாவது கையாவது. ஒரே நீரை நான்கு தரம் அளந்தால் குரங்குக்கும் ஒத்துப்போகும்.

சீனுவாசன் மூன்று வருஷத்து எண்களும் அடங்கிய அறிக்கையோடு வந்தார். வெற்றிலைச் சாறு கடைவாயில் நுரைத்திருந்தது.

"திங்கக்கிழமை சென்னைக்குப் போகணும். கையெழுத்தைப் போடு."

"இதுல முக்கால்வாசிப் பொய்யிங்க சார். நாலு வாரத்துக்கும் ஒரே நாள் தண்ணி."

அவர் முகம் சற்றும் மாறவில்லை. "கடல் என்ன கால் முளைச்சு ஓடியா போறது? ஒரு மாசத்துல அதுல என்ன மாறிடும்?"

"அதைப் பாக்கத்தான சார் நம்மள வெச்சிருக்காங்க?"

"பேஜாரு பண்ணாதே. போடு."

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு விலகி நடந்தார். அவர் எதையும் அவள் கையில் தந்ததில்லை. அதை ஆய்வுக்கூடத்துச் சுத்தம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சிவப்பு மையை எடுத்தாள். ஒவ்வொரு மாதத்திலும் மூன்று வரிகளை அடித்து, 'அமாவாசை நாளின் நீரே' என்று எழுதினாள். அருவருப்பு அவரைப் பற்றியதாக இருந்தவரை கை வேகமாக ஓடியது. போன வருஷத்துச் சித்திரையில் நின்றுவிட்டது.

சீனுவாசன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த மாதம் அது. மாசிலாமணிதான் வாராவாரம் சைக்கிள் மிதித்துப் போய் நீர் கொண்டுவந்தார். நான்கு வாரமும் நான்கு விதமாக வந்தன. கழுவாத புட்டியில் மொண்டிருப்பார், அவர் கைக்கு என்ன தெரியும் என்று அவளே அந்த நான்கையும் அடித்துவிட்டு, பங்குனியின் எண்ணை அழகாக எழுதி வைத்திருந்தாள். மூன்று வருஷத்தில் கடல் வாரம் தவறாமல் வாய் திறந்தது அந்த ஒரு மாதம்தான். மூடியது அவள் கை.

குறிப்பேட்டில் அடித்த கோட்டுக்கு அடியில் பழைய எண்கள் இன்னும் தெரிந்தன. அவற்றை அறிக்கையில் திரும்ப எழுதினாள். 'தவறாக அடித்தது நான். நீர் மொண்டவர் மாசிலாமணி.' அதன் கீழே கையெழுத்திட்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, சித்திரையில நீங்க கொண்டாந்த தண்ணி..."

"ஏன், கெட்டுப்போயிருந்துச்சா?"

"இல்ல. நான்தான் கெடுத்தேன். அசுத்தம்னு நெனச்சி அடிச்சிட்டேன்."

மாசிலாமணி ஒரு மல்லாட்டையை விரலால் நசுக்கினார். நிமிரவில்லை.

"தெரியும் மேரிம்மா. அன்னிக்கு அந்தப் பாட்டிலை வாங்கினதும் மோந்து பாத்தீங்களே."