பாய்லர்க்காரி கையில ஒரு ஈரத்துண்டு

1

இந்தக் கதை எங்க அம்மாவோட பயத்துல பொறந்தது. பொழைக்க வந்த ஊர்ல ஒரு பெரிய சலவைக்கூடத்துல எனக்கு பாய்லர் பாத்துக்கற வேலைன்னு சொன்னதுலேர்ந்து, போன் எடுத்தா முதல் கேள்வி "சாப்பிட்டியா" இல்ல, "அது வெடிக்காதே?" விளக்கிப் பாத்தேன், எடுபடல. சரி, கதையா சொல்லுவோம்னு நான் வாயால சொல்லச் சொல்ல போனே எழுதிக்குது. அழிக்கத் தெரியாது. தப்பெல்லாம் அங்கங்க கிடக்கும், தாண்டி வாங்க.

2

பொழுது விடிஞ்சதும் அந்தப் புகைபோக்கி வானத்தைப் பாத்து...

வேணாம். ஊர்ல அம்மாகூட இருக்கற அக்கா கொட்டாவி விடுவா.

ஒரு பாய்லர்க்காரி. அவ புருஷன் மெக்கானிக். [பாய்லர் பாக்கறது முதல்ல ஆம்பளையாத்தான் இருந்தான். என்னை மாதிரியே முழிச்சான், பொம்பளையா மாத்திட்டேன்.] அவ பாய்லரோட ஆவிதான் துணி துவைக்கிற டிரம்மைச் சுத்துது. உள்ள தண்ணி மட்டம் இறங்கினா பாய்லர் வெடிக்கலாம்; இறங்காம பாத்துக்கறதுக்கு அவளுக்குச் சம்பளம். அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு புருஷனுக்குத் தினமும் பயம். அதனால பாய்லரே வேண்டாத ஒரு இன்ஜின் கட்டினான். உள்ள வெறும் காத்து. தீ பக்கம் விரியும், குளிர்ந்த பக்கம் சுருங்கும், சக்கரம் சுத்தும்.

3

"என்னய்யா இது, பீரோ மாதிரி?"

"காத்து சூட்டை மெதுவாத்தான் வாங்கும். அதான் கொஞ்சம் பெருசு."

"கொஞ்சமா? என் ஆவி ஒரு குடத்துக்குள்ள செய்யற வேலைக்கு உனக்கு ஒரு ரூமே வேணும் போல. தண்ணி ஆவியாகும்போது எவ்வளவு சூட்டை முழுங்கி வெச்சுக்குது தெரியுமா?"

"அந்த முழுங்கறதுதான்டி பயமே. பீரோ வெடிக்காதுல்ல?"

"வெடிக்காது. ஓடவும் ஓடாது."

"ஓடும் பாரு. தீ போட்டா போதும், பக்கத்துல ஆளே நிக்க வேணாம்."

"ஆளே வேணாமா? அப்ப நான்?"

மெக்கானிக் குனிஞ்சு தீயை மூட்டப் போயிட்டான். [அவனுக்கு வசனம் யோசிச்சேன். வரல.]

4

முதலாளியம்மா வந்தாங்க. "இது டிரம்மைச் சுத்திட்டா பாய்லரை வித்துடலாம்"னாங்க.

அவன் சக்கரத்தைக் கையால தள்ளிவிட்டான். சுத்துச்சு! அப்புறம் மெதுவாச்சு. தீயைக் கூட்டினான். இன்னும் மெதுவாச்சு.

பாய்லர்க்காரிக்குப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு: குளிரா இருக்க வேண்டிய பக்கமும் சூடேறிடுச்சு. ரெண்டு பக்கமும் கொதிச்சா காத்து எங்க போய்ச் சுருங்கும்? அந்தப் பக்கம் ஒரு ஈரத்துண்டு போட்டா போதும். சலவைக்கூடத்துல ஈரத்துண்டுக்கா பஞ்சம்? எடுத்துட்டா. புருஷன் அவளைப் பாக்கல. வேர்த்து வழிய சக்கரத்தையே பாத்துட்டு நிக்கறான், பாவம்.

5

அக்கா சொல்ற முடிவு: துண்டைப் போடறா, முதலாளியம்மா அவளையே புது இன்ஜினுக்கு மேனேஜராக்கறாங்க. [ஆளே வேண்டாத இன்ஜினுக்கு மேனேஜர் எதுக்குக்கா?]

என் முடிவு: அதே துண்டால அவ தன் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி...

சொல்ல வாய் வரல. அவன் அவளுக்காகத்தானே கட்டினான்.

அம்மா முடிவு: "யார் வேலையும் போகக் கூடாது, எதுவும் வெடிக்கவும் கூடாது."

அம்மா, அப்படி ஒரு இன்ஜினை இன்னும் யாரும் கட்டல.

எனக்குத் தண்ணி மட்டம் பாக்கற நேரமாச்சு. துண்டு அவ கையில சொட்டிட்டு இருக்கு. சக்கரம் இன்னும் முழுசா நிக்கல. வெடிக்காத இன்ஜின் வேணும்னு கேட்டது நீதான், நீயே சொல்லும்மா.

அவ துண்டைப் போடட்டுமா?